இடம் அறிந்து பிரித்தல்: பாண்டு வினைச்சொல்லுக்குக் குறியிடும் முறை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

சுவாஹிலியில் ‘ஸிகுபெண்டா’ என்பது ஒரே சொல்லில் அமைந்த வாக்கியம். ‘நான் விரும்பவில்லை’ என்று இறந்தகாலத்தில் மறுக்கிறது. அதன் கடைசி உயிரை மட்டும் மாற்றி ‘ஸிகுபெண்டி’ என்று சொன்னால் ‘நான் உன்னை விரும்புவதில்லை’ என்று பொருள் வந்துவிடுகிறது. காலம் மாறியதோடு நிற்கவில்லை. ‘உன்னை’ என்ற செயப்படுபொருளும் உள்ளே நுழைந்திருக்கிறது. ஆனால் கடைசியில் வந்த இகரத்துக்கு ‘உன்னை’ என்ற பொருளை எந்த இலக்கணமும் தரவில்லை. அந்தப் பொருள் நடுவிலுள்ள ‘கு’விடம் இருக்கிறது. அதே ‘கு’ முதல் சொல்லிலும் இருந்தது. அங்கே அது இறந்தகால எதிர்மறையின் குறியாக நின்றது. நடுவில் நிற்பது எந்தக் ‘கு’ என்பதைச் சொல்லின் கடைசி எழுத்து தீர்மானிக்கிறது.

அவையோரே, இந்த உரையின் மையக் கருத்து இந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பாண்டு மொழிகளின் வினைச்சொல்லுக்குக் குறியிடுவோர் ஓர் உறுப்பின் வடிவத்தையும் பொருளையும் எழுதினால் போதாது; சொல்லுக்குள் அது நிற்கும் இடத்தையும் தனியாக எழுதவேண்டும். இடம் எழுதப்படாத குறியீடு பார்வைக்கு முழுமையாக இருக்கும். தேடுவோர்க்கும் ஒப்பிடுவோர்க்கும் பயன்படாது.

1. மொழிகளும் இடவரிசையும்

கேமரூன் தொடங்கிக் கிழக்கே கென்யக் கடற்கரை வரையிலும் தெற்கே தென்னாப்பிரிக்கா வரையிலும் பேசப்படும் ஏறத்தாழ 500 மொழிகள் பாண்டுக் குடும்பத்தில் அடங்கும். ‘மக்கள்’ என்று பொருள்படும் சொல்லையே குடும்பத்தின் பெயராக்கியவர் வில்ஹெல்ம் பிளேக். அவருடைய ஒப்பிலக்கணத்தின் முதல் பகுதி 1862இல் வெளிவந்தது. மால்கம் கத்ரி இம்மொழிகளை நிலப்பகுதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியைத் தந்தார். சுவாஹிலி ஜி 42, ஜூலு எஸ் 42, சிச்சேவா என் 31. அந்தக் குறிகளை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

குறியிடும் வேலைக்கு அடித்தளம் போட்டவர் பெல்ஜிய அறிஞர் ஏ. இ. மேயுசன். 1967இல் அவர் மூல பாண்டு மொழியின் இலக்கணத்தை மீட்டமைத்தபோது, வினைச்சொல்லைப் பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் கொண்ட ஒரு வரிசையாகக் காட்டினார். எழுவாய்க் குறிக்கு முன் ஓரிடம், எழுவாய்க் குறியின் இடம், அதற்கு அடுத்த இடம், காலக் குறியின் இடம், செயப்படுபொருள் குறியின் இடம், வேர், வேரை நீட்டும் விரிவொட்டுகள், இறுதியுயிர், இறுதிக்கும் பின் ஓரிடம் என்று அது செல்கிறது. எந்த மொழியும் எல்லா இடங்களையும் எப்போதும் நிரப்புவதில்லை. இருக்கும் உறுப்புகள் வரிசை பிறழ்வதும் அரிது.

‘அவர்களுக்காக நாங்கள் சமைக்கமாட்டோம்’ என்பதைச் சுவாஹிலி ‘ஹாடுடாவாபிகியா’ என்ற ஒரே சொல்லில் முடிக்கிறது. ‘ஹா’ எதிர்மறை, ‘டு’ நாங்கள், ‘டா’ எதிர்காலம், ‘வா’ அவர்களை, ‘பிக்’ சமை, அடுத்த ‘இ’ ஒருவருக்காகச் செய்வதைக் காட்டும் விரிவொட்டு, கடைசி ‘ஆ’ இறுதியுயிர்.

நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணத்தில் பழகியவர்களுக்கு இந்தப் பிரிப்பு புதிதாகத் தோன்றாது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறில் இடைநிலையின் பெயரே அது நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. தமிழில் பகுதி முன்னே நிற்க, மற்றவை பின்னே வந்து ஒட்டும். பாண்டு வினையில் வேர் நடுவே நிற்கிறது. இரு பக்கமும் உறுப்புகள் சேர்கின்றன. குறியிடுவதில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, வேருக்கு முன்னுள்ள பகுதியில் ஓரசைக் குறிகள் நெருக்கியடித்து நிற்பதால் வருகிறது.

2. ‘கு’ என்னும் சோதனை

சுவாஹிலியின் ‘கு’வைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். ஒரு குறியீட்டு முறை தாங்குமா தாங்காதா என்பதை இந்த ஒற்றை அசையைக் கொண்டே சோதித்துவிடலாம்.

‘குபெண்டா’ என்றால் விரும்புதல். இங்கே ‘கு’ தொழிற்பெயரின் முன்னொட்டு, பெயர்ச்சொற்களை இனம்பிரிக்கும் எண்ணிட்ட பெயர்வகுப்புகளில் பதினைந்தாவது. அந்தத் தொழிற்பெயரே எழுவாயானால், அதற்கு இயைபாக வினையின் முன்னும் ‘கு’ வரும்: ‘குஸோமா குனாஃபா’, படிப்பது பயன் தரும். இடத்தைக் குறிக்கும் பதினேழாம் வகுப்பின் எழுவாய்க் குறியும் ‘கு’தான். ‘நினாகுபெண்டா’, நான் உன்னை விரும்புகிறேன்: இங்கே அது செயப்படுபொருள் குறி. ‘ஸிகுபெண்டா’வில் இறந்தகால எதிர்மறை. இரண்டும் ஒரே சொல்லில் வருவதும் உண்டு: ‘ஸிகுகுபெண்டா’, நான் உன்னை விரும்பவில்லை. முதல் ‘கு’ காலக் குறியின் இடத்திலும் இரண்டாவது ‘கு’ செயப்படுபொருளின் இடத்திலும் நிற்கின்றன. இடம் எழுதாத குறிவரியில் ஒரே அசை இருமுறை எழுதப்பட்டதுபோலத் தோன்றும். அச்சுப் பிழை என்று திருத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது.

ஆறாவதுதான் நுட்பமானது. ‘நினாகுலா’ என்றால் நான் உண்கிறேன். வேர் ‘ல்’ என்ற ஒற்றை மெய். இங்குள்ள ‘கு’வுக்கு ‘உன்னை’ என்ற பொருளும் இல்லை, எதிர்மறையும் இல்லை. சுவாஹிலியில் அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில் விழும். ‘னா’ என்ற காலக் குறி அழுத்தத்தைத் தாங்காது. தாங்குவதற்கு ஓர் அசை தேவைப்படுகிறது. ‘கு’ வந்து நிற்கிறது. தாங்கக்கூடிய வேறு அசை கிடைத்தால் அது விலகிவிடும். ‘அதை உண்கிறேன்’ என்று ஏழாம் வகுப்புப் பொருள் ஒன்றைச் சுட்டும்போது ‘நினாகிலா’ என்றே வரும். ‘ஸிகுலா’, நான் உண்ணவில்லை என்பதில் இருப்பது எதிர்மறைக் ‘கு’ மட்டுமே. அதுவே அழுத்தத்தைத் தாங்கிவிடுவதால் இன்னொரு ‘கு’வுக்கு வேலையில்லை. தமிழ் இலக்கணியர் இதைப் பார்த்திருந்தால் சாரியை என்றே அழைத்திருப்பார்கள்; தனக்கென ஒரு பொருள் இல்லாமல் சொல்லின் இயக்கத்துக்காக வரும் உறுப்புக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆனால் தொழிற்பெயரின் ‘கு’ என்று பழைய வழக்கப்படி குறியிட்டுவிட்ட தரவகத்தில் ‘உண்கிறேன்’ என்பது ‘உண்ணுதலைச் செய்கிறேன்’ என்பதுபோலப் பதிவாகிவிடும்.

ஆறு வேலைகளுக்கும் ஒரே வடிவம். அகராதியில் ஆறு பொருள்களை வரிசையாக எழுதினாலும், ஒரு குறிப்பிட்ட சொல்லில் எது என்பதை அகராதி சொல்லாது. இடம் அறிந்தால் ஆறில் பெரும்பாலானவை உடனே விலகிவிடும்.

3. ஒரு பொருளுக்கு இரண்டு முனைகள்

இடம் மட்டும் போதுமா என்றால், போதாது. ‘ஸிகுபெண்டி’யில் எதிர்மறை எங்கே இருக்கிறது? தன்மை ஒருமையும் எதிர்மறையும் ஒன்றாக உருகிய ‘ஸி’ முன்னே நிற்கிறது. இறுதியுயிர் ‘இ’ பின்னே நிற்கிறது. காலக் குறியின் இடம் காலியாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்தே ‘நிகழ்கால எதிர்மறை’ என்ற பொருளைத் தருகின்றன. காலியிடமும் பொருள் தரும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு: செய்தேன், செய்வேன், செய்யேன் என்ற வரிசையில் மூன்றாவதில் வெளிப்படையான இடைநிலை எதுவும் இல்லை, எதிர்மறைப் பொருள் மட்டும் தவறாமல் இருக்கிறது.

ஜூலு இதே பாடத்தை வேறு உறுப்புகளைக் கொண்டு சொல்கிறது. ‘ங்கிங்காஹாம்பா’ என்றால் நான் போகலாம், போக முடியும். ‘ங்கிங்காஹாம்பி’ என்றால் நான் போகாதிருக்கும்படி. நடுவிலுள்ள ‘ங்கா’ முதலாவதில் இயலுமையின் குறி. இரண்டாவதில் எழுவாயை அடுத்து வரும் எதிர்மறை. சுவாஹிலியில் கண்டதுபோலவே தீர்ப்பு இறுதியுயிரிடம் இருக்கிறது.

ஆகவே குறிவரியில் ‘இ’க்குக் கீழே ‘எதிர்மறை’ என்றும் ‘ஸி’க்குக் கீழே மறுபடியும் ‘எதிர்மறை’ என்றும் எழுதுவது இரண்டு எதிர்மறைகளைச் சொல்வதாக ஆகிவிடும். ஒன்றில் மட்டும் எழுதி மற்றதை ‘இறுதியுயிர்’ என்று விட்டுவிட்டால் பாதி சான்று மறைந்துபோகும். இரண்டு இடங்களையும் ஒரே எண்ணால் பிணைத்து, ஒரு பொருளின் இரு முனைகள் என்று காட்டுவதே நேர்மையான வழி.

ஒரே குறி இரண்டு இடங்களில் வருவதும் உண்டு. ‘விரும்புகிறவர்’ என்பதற்குச் சுவாஹிலியில் ‘ஆனாயேபெண்டா’ என்றும், காலம் சுட்டாமல் ‘ஆபெண்டாயே’ என்றும் சொல்லலாம். பெயரெச்சத் தன்மை தரும் ‘யே’ முதலாவதில் காலக் குறியை அடுத்து நிற்கிறது. இரண்டாவதில் இறுதியுயிருக்கும் பின்னால் போய்விடுகிறது. பொருளை மட்டும் குறித்த தரவகத்தில் இந்த இரண்டு அமைப்புகளும் ஒன்றாகிவிடும். காலம் சுட்டாத வடிவங்களைத் தேடியெடுக்க வழியிருக்காது.

எதிர்மறை எந்த இடத்தில் நிற்கிறது என்பதிலேயே தொடரியல் பொதிந்திருக்கிறது. முதன்மை வாக்கியத்தில் எதிர்மறை எழுவாய்க் குறிக்கு முன்னும், விழைவு வடிவங்களிலும் பெயரெச்சங்களிலும் எழுவாய்க் குறிக்குப் பின்னும் நிற்பது பாண்டு மொழிகளில் பரவலான வழக்கம். சுவாஹிலியில் ‘ஹாடுபெண்டி’, நாங்கள் விரும்புவதில்லை. ‘டுஸிபெண்டே’, நாங்கள் விரும்பாதிருக்கட்டும். இரண்டுக்கும் ‘எதிர்மறை’ என்று ஒரே குறி இட்டால் இந்த வேறுபாடு தரவிலிருந்தே அழிந்துவிடும்.

4. எழுத்தில் சொல், மொழியில் சொல்

‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்பதை ஜூலு ‘ங்கியாகுதாண்டா’ என்று ஒரே சொல்லாக எழுதுகிறது. வட சோத்தோ ‘கெ ஆ ஹோ ராட்டா’ என்று நான்கு சொற்களாக எழுதுகிறது. உறுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கட்டுமானம்: எழுவாய்க் குறி, நிகழ்காலக் குறி, செயப்படுபொருள் குறி, வேரும் இறுதியுயிரும். வேறுபாடு எழுத்து மரபில் இருக்கிறது. சோத்தோ, செட்ஸ்வானா மொழிகளுக்குப் பிரித்து எழுதும் மரபும், ஜூலு, கோசா போன்றவற்றுக்குச் சேர்த்து எழுதும் மரபும் நிலைத்துவிட்டன.

இடைவெளியைக் கண்டு சொல்லைப் பிரிக்கும் கணினி நிரலுக்கு இது பெரும் பொறி. வட சோத்தோவில் ‘ஆ’ என்ற ஓரெழுத்து தனிச்சொல்லாக வந்து நிற்கும். எழுவாய்க் குறியாகவும் காலக் குறியாகவும் வேறு பலவாகவும் அது வரக்கூடும். ஜூலுவிலோ அதே வேலைகளைச் செய்யும் உறுப்புகள் சொல்லுக்குள் புதைந்திருக்கும். சொல்வகைக் குறியிடுபவர் முழுச் சொல்லுக்கும் ‘வினை’ என்று ஒரு குறி போட்டு நகர்ந்துவிடுவார். எல்சபே தல்யார்டும் சோன்யா போஷும் 2006இல் இவ்விரு மொழிகளையும் எதிரெதிரே வைத்து ஆராய்ந்து, ஒரே குடும்பத்துக்குள்ளேயே எழுத்து மரபு குறியிடும் முறையை எவ்வளவு தூரம் திசைதிருப்புகிறது என்று காட்டினார்கள். வெற்றிடத்தை மறந்து இடவரிசையை அளவுகோலாகக் கொண்டால், ‘கெ’யும் ‘ங்கி’யும் ஒரே இடத்தில் வந்து அமரும், இரண்டு தரவகங்களையும் ஒரே கேள்வியால் தேடலாம்.

இங்கு வரும் ஜூலுவின் ‘யா’வையும் வட சோத்தோவின் ‘ஆ’வையும் ‘தொடர் நிகழ்காலம்’ என்று பல பாடநூல்கள் அழைக்கின்றன. அந்தப் பெயர் வழிதவறச் செய்யும். ‘ங்கியாட்லா’, நான் உண்கிறேன். ‘ங்கிட்லா இன்யாமா’, நான் இறைச்சி உண்கிறேன். வினையோடு வாக்கியத் தொடர் முடிந்தால் ‘யா’ வருகிறது. வினைக்குப் பின் நெருங்கிய துணைச்சொல் இருந்தால் வருவதில்லை. குறி வாக்கிய அமைப்பைச் சொல்கிறது. காலம் என்று எழுதிவிட்டால் அந்தச் செய்தி தொலைந்துபோகும்.

5. விரிவொட்டுகளின் வரிசை

வேரை அடுத்து வரும் பகுதி ஒப்பீட்டளவில் ஒழுங்கானது. பிறவினை, பொருட்டு, ஒருவரையொருவர், செயப்பாடு என்ற நான்கும் இந்த வரிசையிலேயே வர முனைகின்றன என்பதைச் சிச்சேவாவையும் பிற மொழிகளையும் வைத்து லாரி ஹைமன் 2003இல் நிறுவினார். அதற்கு முன்பே 1992இல் அவரும் சாம் ம்சோம்போவும் சிச்சேவா வினையடியைத் தனியே ஆராய்ந்திருந்தார்கள்.

குறியிடுவோர் கவனிக்கவேண்டியது ஒன்று. சிச்சேவாவில் பிறவினை ஒட்டு ‘இட்ஸ்’. கருவியையும் பயன்பெறுவோரையும் சேர்க்கும் ஒட்டு ‘இல்’. ஒருத்தியைக் கரண்டி கொண்டு கிளறச் செய்வதில், கரண்டி கிளறுதலின் கருவி. ஒரு குழந்தையைக் கோல் கொண்டு அழச் செய்வதில், கோல் அழச்செய்தலின் கருவி. பொருளின் அடுக்கு இரண்டிலும் வேறு. ஒட்டுகளோ இரண்டிலும் ‘இட்ஸ்-இல்’ என்ற ஒரே வரிசையில்தான் வருகின்றன. உள்ளிருந்து வெளியே படித்தால் பொருள் கிடைக்கும் என்று நம்பிக் குறியிட்டால் முதலாவதில் பிழை நேரும். வரிசையை உள்ளபடி எழுதி, எது எதை அடக்குகிறது என்பதைத் தனி வரியில் குறிக்கவேண்டும்.

பொய்யொட்டுகளும் உண்டு. சுவாஹிலியில் ‘ஆம்பியா’ என்றால் சொல், தெரிவி. அதில் பொருட்டு ஒட்டு தெரிகிறது. ஆனால் ‘ஆம்பா’ என்ற பழைய வினை இன்று தனியாக வழங்குவதில்லை, ‘ஆம்பாயே’ என்ற பெயரெச்ச இணைப்புச்சொல்லில் மட்டும் எஞ்சியிருக்கிறது. வரலாற்றைக் குறியிடுகிறோமா, இன்றைய மொழியைக் குறியிடுகிறோமா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, எல்லாச் சொற்களுக்கும் ஒரே முடிவைப் பின்பற்றவேண்டும்.

6. வெட்ட முடியாத இடங்கள்

இதுவரை கண்ட சொற்களில் உறுப்புகளுக்கிடையே கோடு போட முடிந்தது. ஜூலுவில் ‘லாலா’ என்றால் உறங்கு. ‘உறங்கியிருக்கிறான்’ என்பதற்கு முற்றுநிலைக் குறியான ‘இலே’ சேரவேண்டும். கிடைக்கும் வடிவம் ‘உலேலே’. ஒட்டு வேருக்குள் புகுந்து அதன் உயிரை மாற்றிவிட்டது. எங்கே வெட்டினாலும் வேர் சிதையும். ‘போபா’, கட்டு என்பதன் செயப்பாட்டு வடிவம் ‘போஷ்வா’. ‘லூமா’, கடி என்பதற்கு ‘லுன்ய்வா’. ஒட்டின் வகரம் வேரின் கடைசி மெய்யையே மாற்றுகிறது. நன்னூல் கண்ட ‘விகாரம்’ இங்கே வேருக்குள்ளேயே நடக்கிறது. மேற்பரப்பு வடிவத்தை மட்டும் வெட்டிக் குறியிட்டால் ‘போஷ்’ என்று இல்லாத வேர் ஒன்று தரவகத்தில் பிறந்துவிடும். அடிவடிவத்துக்குத் தனி வரி வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தொனி இன்னும் கடினம். ஜூலுவில் ‘உயாஹாம்பா’ என்று எழுதப்படுவது ‘நீ போகிறாய்’ என்றும் ஆகலாம், ‘அவன் போகிறான்’ என்றும் ஆகலாம். பேச்சில் முதல் ‘உ’ தாழ்ந்து ஒலித்தால் முன்னிலை, உயர்ந்து ஒலித்தால் படர்க்கை. எழுத்தில் வேறுபாடே இல்லை. கின்யருவாண்டாவில் பெயரெச்ச வினையை முதன்மை வினையிலிருந்து பிரிப்பதும் தொனிதான்; வழக்கமான எழுத்தில் அதுவும் வராது. அச்சு நூல்களிலிருந்து மட்டும் தொகுத்த தரவகத்தில் இலக்கணத்தின் ஒரு முழு அடுக்கு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. பாண்டு மொழிகளுக்கு ஒலிப்பதிவோடு கூடிய தரவகம் அடிப்படைத் தேவை. வசதியிருந்தால் சேர்க்கலாம் என்று ஒத்திப்போடக்கூடியதன்று.

7. குறிவரியின் அமைப்பு

பெர்னார்ட் காம்ரி, மார்ட்டின் ஹாஸ்பெல்மத், பால்தசார் பிக்கெல் ஆகியோர் வகுத்த லைப்ஸிக் விதிகள் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. உறுப்புகளுக்கிடையே சிறுகோடு, பிரிக்க முடியாத பொருள்களுக்கிடையே புள்ளி, மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் ஒன்றுக்கொன்று இணை என்பவை அவற்றின் சாரம். பாண்டு ஆய்வாளர்கள் அவற்றோடு தங்கள் மரபுக் குறிகளையும் சேர்த்து எழுதுகிறார்கள்: எழுவாய்க் குறி, செயப்படுபொருள் குறி, இறுதியுயிர் என்று. இந்தக் கலப்பில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. ‘எதிர்காலம்’ என்பது வேலையின் பெயர். ‘இறுதியுயிர்’ என்பது இடத்தின் பெயர். இரண்டும் ஒரே வரியில் நின்றால், ‘பெண்டே’ என்பதன் ஏகாரத்துக்குச் சிலர் ‘விழைவு’ என்றும் சிலர் ‘இறுதியுயிர்’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி, ஒப்பிடத்தான் முடியாது.

எண்களாலும் இதேபோன்ற சிக்கல் வரும். லைப்ஸிக் விதியில் 1 என்பது தன்மை. பாண்டு மரபில் 1 என்பது மனிதரைக் குறிக்கும் முதற் பெயர்வகுப்பு. எண்ணோடு ஒருமை, பன்மையோ வகுப்புக் குறியோ தவறாமல் சேர்ந்து வரவேண்டும். இல்லையெனில் ‘நான்’ என்பது ‘அவன்’ ஆகிவிடும். வகுப்பை வினையிலுள்ள குறியைப் பார்த்தே எழுதவேண்டும். பெயர்ச்சொல்லின் தோற்றத்தைப் பார்த்து எழுதக்கூடாது. சுவாஹிலியில் ‘கிபோகோ’, நீர்யானை, வடிவத்தில் ஏழாம் வகுப்பு. உயிருள்ளது என்பதால் அதன் வினை முதல் வகுப்புக் குறியையே ஏற்கிறது.

ஆக வேண்டியவை நான்கு வரிகள்: எழுதியவாறே சொல், வெட்டிய அடிவடிவம், ஒவ்வோர் உறுப்பின் இடம், ஒவ்வோர் உறுப்பின் வேலை. கீழே இயல்பான மொழிபெயர்ப்பு. முதலிரண்டு வரிகள் வேறுபடாத சொற்களில் இது மிகையாகத் தோன்றும். ஆனால் ‘உலேலே’ வரும்போதும் ‘ஸிகுகுபெண்டா’ வரும்போதும் ஒவ்வொரு வரியும் தன் கூலியைத் தந்துவிடும்.

கணினி இலக்கணங்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டன. கிம்மோ கொஸ்கென்னியெமி 1983இல் தந்த ஈரடுக்கு முறை அடிவடிவத்தையும் மேல்வடிவத்தையும் பிரித்து வைத்தது. அதைக் கொண்டு ஆர்வி ஹுர்ஸ்கைனென் ஹெல்சிங்கியில் சுவாஹிலிக்கான பகுப்பியை வளர்த்தார். லாரெட் பிரிட்டோரியஸும் சோன்யா போஷும் தென்னாப்பிரிக்காவில் முடிவுறு நிலை முறையில் ஜூலுவுக்கான பகுப்பியை உருவாக்கினார்கள். இத்தகைய நிரல்களில் ஒவ்வோர் இடமும் வலைப்பின்னலின் ஒரு கட்டம். ஓர் உறுப்பைக் கடந்தபின் அடுத்து எங்கே போகலாம் என்பது முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும். தொலைவிலுள்ள ‘ஸி’யும் ‘இ’யும் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதைக் கொடிக்குறிகள் எனப்படும் நினைவுக் குறிகளால் கட்டுப்படுத்தலாம், கென்னத் பீஸ்லியும் லவ்ரி கார்ட்டுனெனும் 2003இல் எழுதிய நூல் அந்த முறையை விளக்குகிறது. சொல்லை அடிக்கடி வரும் எழுத்துத்துண்டுகளாக மட்டும் உடைக்கும் இன்றைய மொழி மாதிரிகளுக்கு இடம் பற்றிய இந்த அறிவு எதுவும் முன்கூட்டித் தரப்படுவதில்லை. அவற்றைச் சோதிக்கவேனும் இடம் குறித்த தரவகம் வேண்டும்.

இத்தனை வரிகளும் எழுதிய பிறகும் சில சொற்கள் ஒரே விடைக்கு இணங்குவதில்லை. சுவாஹிலியில் ‘நிபெண்டே’ என்பது ‘நான் விரும்பட்டும்’ என்றும் ஆகும், ‘என்னை விரும்பு’ என்ற ஏவலாகவும் ஆகும். முதலாவதில் ‘நி’ எழுவாயின் இடத்தில் நிற்கிறது. இரண்டாவதில் எழுவாயிடம் காலியாக இருக்க, செயப்படுபொருளின் இடத்தில் நிற்கிறது. வடிவம் ஒன்று, வேர் ஒன்று, இறுதியுயிரும் ஒன்று. வாக்கியம் முடிவு தந்தால் அதன்படி எழுதலாம். தராதபோது இரண்டு பகுப்புகளையும் பதிந்து, இரண்டும் திறந்திருக்கின்றன என்று குறித்துவைக்கவேண்டும். பின்னால் வருபவர் ஒலிப்பதிவையோ பேச்சுச் சூழலையோ கொண்டு முடிவுசெய்வார்.